தி அரைவல் (சித்திரப் புதினம்)

தி அரைவல் (பொருள்: வருகை) என்பது ஆஸ்திரேலிய ஓவியரும் எழுத்தாளருமான ஷான் டான் உருவாக்கிய கனவுருப்புனைவு சித்திரப் புதினம் ஆகும். 2006 ஆம் ஆண்டு லோத்தியன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. ஆறு பகுதிகளைக் கொண்ட இந்நூலில் ஓர் உரையாடலோ விளக்கவுரையோ கிடையாது. கதை முழுவதும் ஓவியங்களாலேயே சொல்லப்படுகின்றது.

நூலாசிரியர்

ஷான் டான் 1974 இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் நகரில் பிறந்தார். இவரது தந்தை மலேசியாவில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய சீன வம்சாவளியினர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் நுண்கலையும் ஆங்கில இலக்கியமும் பயின்ற டான், நூல்களுடன் நாடகம், அசைபடம் ஆகிய துறைகளிலும் பணியாற்றியுள்ளார். ஆண்ட்ரூ ருஹமானுடன் இணைந்து இயக்கிய தி லாஸ்ட் திங் என்ற படம் 2011 இல் சிறந்த அசைபடக் குறும்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

கதைச் சுருக்கம்

கரிய வால்களின் நிழல் படர்ந்த ஒரு நகரில் இருந்து பெயரற்ற ஒருவன், மனைவியையும் மகளையும் பிரிந்து, ஒரு பெட்டியுடன் கப்பலேறுகின்றான். அவன் சென்றடையும் நாட்டில் எழுத்து, உணவு, விலங்கு, ஊர்தி என எதுவுமே அவனுக்குப் பழக்கமானதாக இல்லை. தங்குமிடம் கேட்கவும் அவன் படம் வரைந்தே காட்ட வேண்டியுள்ளது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்தபோது, எழுத்து அறியாததால் அவற்றைத் தலைகீழாக ஒட்டி அவ்வேலையை இழக்கின்றான்.

அவனுக்கு உதவுபவர்களும் முன்னர் தப்பி வந்தவர்களே. புத்தகம் பறிக்கப்பட்டுக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட பெண், இராட்சதர்கள் அழித்த ஊரில் இருந்து மனைவியுடன் ஓடிவந்தவர், போரில் காலை இழந்த முதியவர் ஆகியோரின் கதைகள் இடையிடையே வருகின்றன. இறுதியில் குடும்பம் ஒன்றுசேர்கின்றது. புதிதாக வந்திறங்கிய ஒரு பெண்ணுக்கு அவனது மகள் வழிகாட்டுவதுடன் நூல் நிறைவு பெறுகின்றது.

உருவாக்கமும் ஓவியப் பாணியும்

நூலை உருவாக்க டானுக்குச் சுமார் நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. படங்கள் பென்சிலால் வரையப்பட்டு, பழைய புகைப்படத் தொகுப்பைப் போலப் பழுப்பு நிறச் சாயல் பெற்றுள்ளன. குடிவரவுச் சோதனைக் காட்சிகளுக்கு, 1892 முதல் 1954 வரை இயங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையத்தின் படங்கள் அடிப்படையாக அமைந்தன. டாம் ராபர்ட்ஸ் 1886 இல் வரைந்த கமிங் சவுத் ஓவியம், 1948 இல் வெளிவந்த பைசைக்கிள் தீவ்ஸ் என்ற இத்தாலியத் திரைப்படம் ஆகியவற்றின் தாக்கமும் காணப்படுகின்றது. ரேமண்ட் பிரிக்சின் தி ஸ்னோமேன் என்ற சொல்லற்ற நூலும் டானுக்கு முன்மாதிரியாக இருந்தது.

கப்பல் பயணத்தின் நீட்சி, சிறு கட்டங்களில் வரையப்பட்ட அறுபது முகில்களால் உணர்த்தப்படுகின்றது. புதிய நாட்டின் எழுத்துகளை உரோம எழுத்துகளை வெட்டி மாற்றி ஒட்டி டான் அமைத்தார். அவ்வெழுத்துகள் கதைநாயகனுக்குப் புரியாதது போலவே வாசகருக்கும் புரிவதில்லை. மொழியறியா நாட்டில் நிற்பவனின் நிலையை வாசகரும் அடைவதற்கு இதுவே காரணமாகும். முதற் பகுதியில் காட்டப்பட்ட கடிகாரம், தொப்பி, காகிதப் பறவை போன்ற பொருட்களின் இடத்தில், கடைசிப் பகுதியில் புதிய நாட்டின் பொருட்கள் இடம்பெறுகின்றன.

விருதுகள்

* ஆஸ்திரேலியச் சிறுவர் புத்தக மன்றத்தின் ஆண்டின் சிறந்த படப்புத்தக விருது (2007)
* நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் இலக்கிய விருதுகளில் ஆண்டின் சிறந்த நூல் (2007)
* பிரான்சின் அங்குலேம் பன்னாட்டு வரைகதை விழாவில் சிறந்த நூலுக்கான விருது (2008)

பிற வடிவங்கள்

நியூசிலாந்தின் ரெட் லீப் நாடகக் குழு இக்கதையை மேடை நாடகமாக்கி 2009 இல் ஆக்லாந்தில் அரங்கேற்றியது. நூல் உருவான விதத்தை விளக்கும் ஸ்கெட்சஸ் ஃப்ரம் எ நேம்லெஸ் லேண்ட் என்ற துணை நூலை டான் 2010 இல் வெளியிட்டார்.