வலுப்பிணைப்புப் பிளாஸ்மா: அயனிகளின் கணினி உருவகம்

அண்டை அயனிகள் ஒன்றையொன்று விலக்கும் மின்னாற்றல் அவற்றின் வெப்ப ஆற்றலைவிட மிகுந்திருக்கும் பிளாஸ்மாவை வலுப்பிணைப்புப் பிளாஸ்மா என்பர். இவ்விரு ஆற்றல்களின் விகிதம் காமா. சூரியனின் நடுவில்கூட காமா ஒன்றுக்கு வெகு கீழேதான். அங்கே அயனிகள் வாயுத் துகள்களாகத் தம்போக்கில் ஓடுகின்றன. காமா ஒன்றைத் தாண்டியதும் அவை திரவம்போல் ஒழுங்குபடத் தொடங்கும். சராசரிப் புலத்தை வைத்துப் போடும் வழக்கமான கணக்கு அங்கே செல்லாது. ஒவ்வோர் அயனியையும் தனியாகப் பின்தொடர வேண்டும்.

முதல் பெரிய கணக்கு கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் நடந்தது. 1966-இல் பிரஷ், சாலின், டெல்லர் மூவரும் 32 முதல் 500 துகள்களை வைத்து மான்டி கார்லோ முறையில் கணித்து, காமா 125 அளவில் அயனிகள் படிகமாக உறையும் என்றனர். பிந்தைய கணக்குகள் அதை 175-க்கு அருகே நகர்த்தின. காமா ஒரே அளவாயிருந்தால், அடர்த்தியும் வெப்பமும் எவ்வளவு வேறுபட்டாலும் அயனிகளின் ஒழுங்கமைவும் ஒன்றே. இத்துறையின் அழகே இதில்தான் இருக்கிறது.

அயனிகளின் ஓட்டத்தைக் காண மூலக்கூறு இயக்கவியல் முறை உதவுகிறது. ஒவ்வோர் அயனிமீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கூட்டி, நொடியின் மிகச் சிறு கூறுகளாக நகர்த்துவார்கள். ஸ்ட்ரான்சியம் அயனி எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 1,60,000 மடங்கு கனமானது. எனவே எலக்ட்ரான்களைத் தனித்தனியே எண்ணாமல், அயனிகளின் விசையைத் தணிக்கும் பின்னணியாக வைத்துக்கொள்வதே வழக்கம். அந்த விசைக்கு யுகாவா விசை என்று பெயர்.

இக்கணக்குகளை நேரில் சோதிக்க வாய்த்த இடங்களில் ஒன்று, டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகம். தாமஸ் கில்லியன் குழுவினர் அங்கே ஸ்ட்ரான்சியம் அணுக்களைச் சில மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்து, லேசரால் எலக்ட்ரான்களைப் பிரிக்கிறார்கள். பிளாஸ்மா பிறந்த கணத்தில் அயனிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. மிக நெருங்கிக் கிடந்தவை ஒன்றையொன்று உதைத்துத் தள்ள, ஒரு மைக்ரோநொடிக்குள் வெப்பநிலை ஒரு கெல்வின் அளவுக்கு ஏறிவிடுகிறது. எவ்வளவு குளிர்ந்த அணுக்களோடு தொடங்கினாலும் காமா இரண்டு, மூன்றில் நின்றுவிடுவது இதனால்தான். ஏறிய வெப்பநிலை சற்று இறங்கி மறுபடி ஏறும் ஊசலாட்டமும் உருவகத்தில் தெரியும், ஆய்வகத்திலும் தெரிந்தது. 2019 ஜனவரியில் இக்குழு அயனிகளையே லேசரால் 50 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்து, காமாவை 11 வரை உயர்த்தியதை அறிவித்தது.

அதே மாதம், கையா விண்கலத்தின் தரவுகளிலிருந்து வலுப்பிணைப்புப் பிளாஸ்மாவே நிறைந்த வெண்குறு விண்மீன்களின் உட்கரு படிகமாவதற்கான சான்று வெளியானது. உறையும்போது வெளிப்படும் வெப்பம் அவை குளிர்வதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே அவற்றின் வயதைக் கணிப்பவர்கள் கணினி தந்த அந்த 175-ஐயும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.