பைதன் வேகமெடுப்பது எப்படி?

பைதன் மெதுவான மொழி என்று கணினி படித்த நண்பர்கள் சொல்லும்போதெல்லாம், 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அந்தப் படத்தை உருவாக்கிய மென்பொருள்களில் ஒன்று பைதனில் எழுதப்பட்டது.

நண்பர்கள் சொல்வதும் பொய்யல்ல. போர்க்காலத்தில் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, ஒவ்வொருவராக அடையாள அட்டை பார்ப்பார்களே, பைதனும் எண்களை அப்படித்தான் நடத்துகிறது. ஒவ்வொன்றாக நிறுத்தி, என்ன வகை என்று பார்த்த பிறகே கூட்டும். கோடிக்கணக்கில் எண்கள் வந்தால் விடிந்துவிடும்.

நம்பை என்ற இலவச நூலகம் ஒரே வகை எண்களை நினைவகத்தில் வரிசையாக அடுக்கிவிடுகிறது. வகையை ஒரு தடவை பார்த்தால் போதும்; சி மொழியில் எழுதிய உட்பகுதி மொத்தக் கணக்கையும் முடித்துவிடும். ஆனால் அந்த வரிசையை லூப் போட்டு ஒவ்வோர் எண்ணாக எடுத்தால், பஸ் மறுபடியும் சாவடியில்தான் நிற்கும்.