மணலில் எழுதிய விரலும் மலிவுக் கணக்கும்

தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டை அடுக்குவதையும் விதை எண்ணுவதையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்கிருந்தோ நேற்று இறக்குமதியான புதுமை என்று சொல்பவர்கள் உண்டு. நம் திண்ணைப் பள்ளியில் இல்லாததா என்று மார்தட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் அரைகுறை. கையை வைத்துக் கற்பிக்கும் முறை இந்த மண்ணில் பலமுறை வந்திருக்கிறது, பலமுறை சறுக்கியும் இருக்கிறது. சறுக்கியதற்கு ஆசிரியர்களின் சோம்பலையும் பெற்றோரின் பழமைப் பிடிப்பையும் காரணமாகச் சொல்வது வழக்கம். வரலாற்றைப் புரட்டினால் வேறொரு குற்றவாளி தென்படுகிறது: சிக்கனம். பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்தால் பள்ளியின் செலவு குறையும் என்ற கணக்கு நுழைந்த போதெல்லாம் படிப்பு சுருங்கிப்போயிற்று.

திண்ணைப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டுத் தொகுத்த கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பிள்ளை முதலில் எழுதியது மணலில். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். வாயால் சொல்லிக்கொண்டே விரலால் வரைவது, மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, எண்சுவடியை ஒரே குரலில் ஒப்பிப்பது என்று நாள் போகும். இது வெறும் மனப்பாடம்தானே, செயல்வழிக் கல்வி என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. மனப்பாடமும் பிரம்பும் அங்கே கோலோச்சின. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை, பெண்பிள்ளைகள் அரிது. ஆனாலும் எழுத்தின் வடிவத்தைக் கண்ணுக்கு முன்பே விரல் அறிந்தது என்பதையும், பிள்ளையே பிள்ளைக்கு ஆசிரியன் ஆனான் என்பதையும் மறுக்க முடியாது.

இந்த இரண்டையும் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய பாதிரியார் அவர். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார், நடந்தது. ஊர் திரும்பி 1797இல் அதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஆனால் அங்கே அதற்குக் கிடைத்த வரவேற்புக்குப் பெரிய காரணம், ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம் என்பது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டோடு வரிசை வரிசையாக நின்று, சொன்னதைச் சொல்லும் கூடமாக அது இறுகியது. திண்ணையிலிருந்து கிளம்பியதில் மலிவு மட்டும் தங்கியது.

அடுத்த அத்தியாயம் வார்தா. 1937 அக்டோபரில் காந்தி கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. கைத்தொழிலை நடுவில் வைத்து மொழியும் கணக்கும் கற்பிப்பது அதன் சாரம். தக்ளியில் நூற்ற நூலை அளக்கும்போது கணக்கும், பருத்தியைப் பேசும்போது மண்ணும் ஊரும் வரும். நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருள்களை விற்று ஆசிரியர் சம்பளத்தைச் சமாளிக்கலாம் என்ற எதிர்பார்ப்பும் அதோடு ஒட்டிக்கொண்டது. திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவே, பொருளாதாரப் பக்கத்துக்கு அழுத்தம் கொடுத்துக் கல்வி நோக்கத்தைப் பலியிடும் ஆபத்து உண்டென்று தன் அறிக்கையில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பலிக்க வெகுகாலம் ஆகவில்லை. 1953இல் அப்போதைய முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரிடம் தொழில் பழகட்டும் என்றார். இருக்கும் கட்டடத்திலும் இருக்கும் ஆசிரியரைக் கொண்டும் இரண்டு வேளையாக இரட்டிப்புப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பதே கணக்கு. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் கிளர்ந்தெழுந்தார்கள். 1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்களுக்குக் கைவேலை மீது இளக்காரம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. செருப்புத் தைப்பவர் மகனின் கைக்குச் செருப்பையே கொடுப்பது கற்பித்தலாகாது என்பதுதான் அவர்கள் வாதம். கை பழகியது, வாய்ப்பு மூடியது.

செலவைப் பார்க்காத கைக்கல்வியும் இங்கே வந்தது. 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். மணிகளும் மரக்கட்டைகளுமான அவர் கருவிகள் விலை மிகுந்தவை. ஆகவே பெரும்பாலும் கட்டணம் கட்ட வல்லவர்களின் பள்ளிகளோடு நின்றன.

இந்த இடைவெளியில்தான் செயல்வழிக் கற்றலின் இடம் இருக்கிறது. ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வகுப்புகள் வரை சென்றது. முன்னின்றவர் இ.ஆ.ப. அதிகாரி எம்.பி. விஜயகுமார். பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி, சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் எல்லாம் அரசின் செலவு. ஆசிரியர் உதவி, சக மாணவர் உதவி, சுயமாகக் கற்றல் என்று பிரித்த குழுக்களில் பழைய சட்டாம்பிள்ளை பிரம்பில்லாமல் திரும்பி வந்தான். இதுவும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளைச் சமாளிக்கும் தந்திரம்தானே என்ற மறுப்பு இங்கே எழும். ஓரளவு உண்மை. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் பார்க்கும் நிலைக்கு அட்டைமுறை பொருந்தியது என்பதும் அது பரவ ஒரு காரணம். ஆனால் பெல்லின் கூடத்தில் ஆசிரியருக்குப் பதிலாக மாணவனை நிறுத்தினார்கள். இங்கே ஆசிரியர் பாயில் இறங்கி உட்கார வேண்டியிருந்தது. அட்டை கிழிந்து புதியது வராத இடங்களிலும், பதிவேடு எழுதவே ஆசிரியருக்கு நேரம் போதாத இடங்களிலும் ஏணி சுவரில் வெறும் படமாயிற்று என்பது மறுக்க முடியாத குறை. அதுவும் செலவைப் பற்றிய குறையே.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் செயல்பாடுகளும் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் இருந்தால், பிள்ளைகள் என்ன செய்து காட்டினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கிழிந்த பொருளுக்கு இந்த ஆண்டு மாற்று வந்ததா, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.