எபிபட்டிடின்

எபிபட்டிடின் என்பது தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் வாழும் எபிபெடோபேட்டஸ் அந்தோணி என்னும் சிறு தவளையின் தோலிலுள்ள நச்சு ஆல்கலாய்டு. குளோரின் அணு கொண்ட பிரிடின் வளையம் இதன் அமைப்பில் உண்டு. அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலி 1974இல் இத்தவளைகளைச் சேகரித்தார். தோல் சாறு செலுத்தப்பட்ட சுண்டெலிகளின் வால், மார்ஃபின் பெற்றவற்றின் வாலைப்போல் விறைத்து வளைந்தது. தவளைகளில் நச்சு மிகச் சொற்பமாகவே இருந்ததால் வேதியமைப்பு 1992இல்தான் வெளியானது.

விலங்குச் சோதனைகளில் இதன் வலியடக்கும் திறன் மார்ஃபினைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. ஆனால் இது செயல்படுவது அபின்வகை ஏற்பிகளில் அன்று. நிக்கோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பிகளிலேயே இது செயல்படுகிறது. மார்ஃபினை முறிக்கும் நாலோக்சோன் இதைத் தடுப்பதில்லை. போதைப் பழக்கம் ஏற்படுத்தாத வலிநீக்கிகளுக்குப் புதிய வழி காட்டியதே இதன் முதன்மைச் சிறப்பு. வலியடக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியதால் இது நேரடியாக மருந்தாகவில்லை. இதை முன்மாதிரியாகக் கொண்டு அபாட் நிறுவனம் உருவாக்கிய டெபானிக்லின், நீரிழிவு நரம்புவலி நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, குமட்டல், வாந்தி முதலிய பக்கவிளைவுகளால் கைவிடப்பட்டது.

காப்பிடங்களில் வளர்க்கப்படும் தவளைகளில் இந்நச்சு இல்லை. காட்டில் உண்ணும் கணுக்காலிகளிலிருந்து அது சேர்வதாகக் கருதப்படுகிறது.