கிஜுபாய் பதேகாவின் கல்விச் சிந்தனையில் மாணவர் உணர்வு நலம்

தேசியக் கல்விக் கொள்கை (2020) மாணவரின் சமூக, உணர்வுசார் திறன்களை வளர்த்தலைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாகச் சுட்டுகிறது. இதனை முற்றிலும் புதிய கருத்தாகக் கொள்வோர் உளர். எனினும் இந்தியக் கல்வி வரலாற்றில் இதற்குத் தெளிவான முன்னோடிகள் உண்டு.

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885-1939) வழக்கறிஞர் தொழிலைத் துறந்து ஆசிரியரானவர். மரியா மாண்டிசோரியின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட இவர், 1920இல் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் பாலமந்திரைத் தொடங்கினார். அடித்தலும் அச்சுறுத்தலும் பள்ளிக்கு இயல்பெனக் கருதப்பட்ட காலத்தில் அவற்றை எதிர்த்து எழுதினார். ‘மீசையுள்ள தாய்’ என்று போற்றப்பட்டார்.

இவரது ‘திவாஸ்வப்னா’ (பகற்கனவு) என்னும் குஜராத்திப் புனைவில், லட்சுமிராம் என்னும் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் இசைவு பெற்று நான்காம் வகுப்பை ஓராண்டுச் சோதனைக்கு ஏற்கிறார். முதல் நாள் அவர் நடத்த முயன்ற அமைதிப் பயிற்சி மாணவரின் கூச்சலால் குலைகிறது. பின்னர் அவர் கதை சொல்லத் தொடங்கியதும் வகுப்பு தானே அடங்குகிறது. ஆணையால் வாராத ஒழுங்கு ஈடுபாட்டால் வருவதை இது காட்டுகிறது. விளையாட்டு, நாடகம், தூய்மைப் பழக்கம் ஆகியவற்றின் வழியே கூடிச் செயற்படும் பண்பும் வளர்கிறது.

இங்கு உணர்வு நலம் தனிப் பாடவேளையாக அமையவில்லை. பாடம் நடத்தும் முறைக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆயின், சக ஆசிரியரின் ஏளனத்தையும் தேர்வு பற்றிய அதிகாரியின் கவலையும் மீறியே லட்சுமிராம் செயற்பட வேண்டியிருந்தது. ஆசிரியருக்குரிய செயலுரிமை இன்றி மாணவரின் உணர்வு நலம் கைகூடாது என்பது இப்புனைவால் பெறப்படும் கருத்தாகும்.