விடுமுறையைச் சுமந்தவர்கள்

உழைப்புக்கு வரலாறு உண்டு. ஓய்வுக்கும் வரலாறு உண்டு. முன்னதை எழுதியோர் பலர். பின்னதை எழுதியோர் மிகச் சிலர். மலேசியத் தமிழர் அழித்த காட்டையும், இட்ட தண்டவாளத்தையும், சீவிய பால்மரத்தையும் பற்றி நாம் நிரம்பப் படித்திருக்கின்றோம். அவர்கள் எந்நாளில் ஓய்ந்தனர், அந்நாளை அவர்களுக்கு அளித்தவர் யாவர், அளிக்கப்படாதபோது அவர்கள் என் செய்தனர் என்னும் வினாக்களை எழுப்பியோர் அரியர். அவ்வினாக்களை ஒரு சிறுபான்மையினரை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரை வாழ்ந்துவரும் தமிழ்க் கிறித்தவர்களே அச்சிறுபான்மையினர்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹாலிடே' என்னும் சொல் 'புனித நாள்' என்னும் பொருளில் பிறந்தது. பின்னரே வேலையற்ற நாளைக் குறிக்கலாயிற்று. மலாய்மொழியின் 'சூத்தி' இந்தியிலிருந்து வந்த சொல். நம்முடைய 'விடுமுறை'யோ கடமையினின்று விடுபடுதலைச் சுட்டுவது. தமிழ் விவிலியம் இவற்றுள் எதனையும் கொள்ளாது 'ஓய்வுநாள்' என்று ஆண்டது. அவ்வோய்வுநாளில் நோயாளியைக் குணப்படுத்தினார் என்பதற்காகவே இயேசு குறைகூறப்பட்டார் என நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. ஓய்வு பெரிதா, பிறர் துயர் துடைத்தல் பெரிதா என்னும் வினா கிறித்தவ நெறியின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அதே வினா வேறொரு கோலத்தில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எழுந்தது.

தண்டவாளமும் தேவாலயமும்

கோலாலம்பூரையும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த இருப்புப்பாதை 1886 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1890 இல் அது கிள்ளான் நகரை எட்டியது. 1901 இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என அழைப்பது அதனையே. பெயர் மாறிய ஆண்டு 1972. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், நாளடைவில் இருப்புப்பாதை ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது.

அவ்வூழியருட் பலர் யாழ்ப்பாணத்தினின்றும் வந்தவர். அமெரிக்க மறைப்பணியாளர் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைக் குருமடமும், அதனை அடியொற்றி எழுந்த பள்ளிகளும் அவர்தம் முன்னோர்க்கு ஆங்கிலக் கல்வியை அளித்திருந்தன. அக்கல்வியே எழுதுவினைஞராகவும் நிலைய அலுவலராகவும் அவர்களை இங்குக் கொணர்ந்தது. தமிழகத்தினின்று வந்தோருள் கத்தோலிக்கர் இருந்தனர். 1706 இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் மரபில் வந்த லுத்தரன் சபையாரும் இருந்தனர். பிரிக்பீல்ட்சில் உள்ள சீயோன் லுத்தரன் ஆலயம் 1924 இல் எழுந்தது. கிள்ளானில் உள்ள லூர்து மாதா ஆலயம் 1928 இல் கட்டப்பட்டது. பிரிக்பீல்ட்சுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கத் தேவாலயங்களும், கந்தசுவாமி கோயிலும், பௌத்த மகா விகாரையும், பள்ளிவாசலும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. ஒருவர் திருநாளை மற்றவர் காணாமல் இருத்தல் அங்கு இயலாது.

ஆயினும் இருப்புப்பாதைக்குத் திருநாள் இல்லை. ஊரார் விடுமுறையில் ஊர் திரும்பும் நாளன்றோ வண்டிகள் மிகுதியாக ஓடவேண்டிய நாள்? கிறிஸ்மஸ் விடியற்காலையில் ஆலயமணி ஒலிக்கும்போது கைகாட்டிக் கம்பத்தருகே நிற்கவேண்டியவனும் அவ்வாலயத்தின் சபையானாக இருக்கலாம். துறைமுகத்துக் கப்பலும் மருத்துவமனை நோயாளியும் இத்தகையனவே. நாட்காட்டியைப் பார்த்து வருவன அல்ல. ஆகவே, பிறர் விடுமுறைக்காகத் தம் விடுமுறையை இழப்பதே இம்மக்களுள் ஒரு சாராரின் தொழிலாயிற்று.

விருந்துக்கும் அனுமதி

நகரத்தாரின் குறை இதுவாயின், கிள்ளான் வட்டாரத் தோட்டப்புறத்தாரின் குறை இதனினும் கொடிது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த நாளுக்கே கூலி. மழை பெய்தால் மரம் சீவ இயலாது. சீவாத நாளுக்குக் கூலி இல்லை. இந்நிலையில் திருநாள் என்பது உவகையையும் ஒருநாட் கூலியிழப்பையும் ஒருங்கே கொணர்வது.

1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை நம் மாணவர் அறிவர். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற அவ்வெழுச்சியில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளைக் கூலி உயர்வு என்ற ஒன்றாகச் சுருக்கிக் கூறுவது வழக்கம். அது முழுமையன்று. நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். துரையைக் கண்டதும் மிதிவண்டியைவிட்டு இறங்கும் இழிவு நீங்க வேண்டும் என்றனர். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோக வேண்டும் என்றும் கேட்டனர். இறுதிக் கோரிக்கையைச் சற்று ஊன்றி நோக்குக. விருந்தோம்பலை அறமெனப் போற்றும் இனத்தார், தம் வீட்டுக்கு விருந்தினர் வருவதற்கும் பிறர் அனுமதியை நாடவேண்டிய நிலையில் இருந்தனர். அந்த இழிவில் இந்து, கிறித்தவர் என்ற வேறுபாடு இல்லை. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். இன்று திருநாளில் நம் வாயிற்கதவு திறந்திருக்கிறது என்றால், அதற்கு விலை கொடுத்தோர் உளர் என்பதை மறத்தல் தகாது.

பின்னர் 1954 இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியது. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரந்தோறும் ஓர் ஓய்வுநாளை உறுதி செய்தது. அச்சட்டப்படி இன்று ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்கள் கூலியுடன் வழங்கப்படுகின்றன. அவற்றுள் கட்டாயமானவை ஐந்து. அவ்வைந்தில் தீபாவளியும் இல்லை, கிறிஸ்மசும் இல்லை. ஏனையவற்றை அரசிதழில் வந்த நாள்களுள் முதலாளியே தெரிந்து அறிவிக்கலாம்.

நாட்காட்டியில் சிவப்பு இல்லாத வெள்ளி

கிறிஸ்மஸ் நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. கிறித்தவர்க்கு அதனினும் ஆழ்ந்த பொருளுடைய பெரிய வெள்ளியோ சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே விடுமுறை. இளவேனிற் சமஇரவு நாளாகத் திருச்சபை கொள்ளும் மார்ச் 21 அல்லது அதனையடுத்து வரும் முழுநிலவுக்குப் பிற்பட்ட ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. அதற்கு முந்திய வெள்ளியே பெரிய வெள்ளி. அந்நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளிகள் நடக்கும், அலுவலகங்கள் இயங்கும். பிற்பகல் மூன்று மணி வழிபாட்டுக்கு அரைநாள் விடுப்புக் கேட்டு நிற்போர் ஒருபுறம். விடுப்புக் கிட்டாது மாலை வழிபாட்டுக்கு நெரிசலில் விரைவோர் மறுபுறம்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஆகவே அங்குள்ள கிறித்தவர் பெரிய வெள்ளியன்று ஓய்ந்திருப்பர். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று வேலைக்குச் செல்வர். கோலாலம்பூரில் இருப்போர்க்கு நிலைமை தலைகீழ். இரண்டும் ஒருங்கே வாய்க்கும் பேறு தீபகற்பத்தில் எவர்க்கும் இல்லை.

இக்குறை கிறித்தவர்க்கே உரியதன்று. தைப்பூசம் சிலாங்கூரில் விடுமுறையாக இருந்த காலத்திலும், 1974 இல் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்த கோலாலம்பூரில் அது விடுமுறை ஆகவில்லை. 2008 இல்தான் ஆயிற்று. தலைநகரினின்று புறப்படும் இரதத்தை வழியனுப்பவும் விடுப்பு எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. அவ்வருத்தத்தை அறிந்த இந்து நண்பர், பெரிய வெள்ளியில் தம் கிறித்தவத் தோழர் படும் வருத்தத்தையும் உணர்தல் கடினமன்று.

பள்ளிகளிலும் இதனைக் காணலாம். பெரிய வெள்ளியன்று ஒருவேளை உணவை ஒறுத்து வரும் மாணவன், இடைவேளையில் சிற்றுண்டிச்சாலை ஓரமாக நிற்பான். காரணம் கேட்டால் தலைகுனிவான். பெரும்பான்மையோர் நடுவே தன் நோன்பைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். அக்கூச்சத்தைப் போக்குதல் ஆசிரியர் கடமை. வருகைப் பதிவேட்டைவிட அது பெரிது.

2020 இல் ஒரு பொதுச் சோதனை வந்தது. கோவிட் கொள்ளைநோயால் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளி, எல்லாரும் வீட்டிலிருந்தனர், ஆலயங்களோ மூடப்பட்டிருந்தன. ஆண்டாண்டாக விடுப்புக்கு ஏங்கியோர்க்கு அவ்வாண்டு நேரம் கிடைத்தது. கூடிநிற்க இடம் கிடைக்கவில்லை. ஓய்வுநாளின் உயிர் ஓய்வில் அன்று, உடனிருத்தலில் உள்ளது என்பதை அவ்வெள்ளி உணர்த்திச் சென்றது.

மார்த்தாளின் அடுக்களை

இனி, கிடைத்த விடுமுறையை நோக்குவோம். கிறிஸ்மஸ் வாரத்தில் தையற்காரர் சொன்ன நாளில் சட்டை தரமாட்டார். வீடுதோறும் கீதம் பாடச் செல்லும் குழுவினர் புறப்படும் வேளையில் டிசம்பர் மழை கொட்டும். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும். ஆறு மணிக்கு அழைத்த விருந்தினர் நான்கு மணிக்கே வந்து நிற்பர். எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு வெந்துகொண்டிருக்கும். அன்பின் திருநாளிலேதான் வீட்டில் கடுஞ்சொற்கள் மிகுதியாகப் பிறக்கின்றன என்பது எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொள்ளத்தக்க உண்மை.

அச்சினத்தின் சுமை யார்மேல் விழுகிறது? பெரும்பாலும் பெண்டிர்மேல். இயேசு விருந்தினராக வந்த வீட்டில் மரியாள் அவர் காலடியில் அமர்ந்து கேட்க, மார்த்தாள் பணிவிடைகளால் அலைக்கழிந்து குறைகூறினாள் என்றும், மரியாள் தெரிந்துகொண்டதே நற்பங்கு என அவர் கனிவுடன் உரைத்தார் என்றும் லூக்கா எழுதிய நற்செய்தி கூறுகிறது. இப்பகுதியைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பும் ஆடவர், மார்த்தாள் ஆக்கிய சோற்றையே உண்கின்றனர். மார்த்தாளும் அமர்ந்து கேட்கவேண்டுமாயின், அடுக்களையில் வேறு இரு கைகள் வேலைசெய்ய வேண்டும். அக்கைகள் யாருடையவை என்பதே விசுவாசத்தின் அன்றாடத் தேர்வு. ஆலயத்தில் பாடும் குரலைவிடப் பாத்திரம் கழுவும் கை அத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெறக்கூடும்.

மாற்றிக்கொண்ட முறைகள்

வீட்டுக்குள் வேண்டப்படும் இப்பகிர்வு, வீட்டுக்கு வெளியே நெடுங்காலமாக நடந்துவருகிறது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் போக்குவரத்து நிலையங்களிலும் எழுதா வழக்கம் ஒன்று உண்டு. தீபாவளியன்று கிறித்தவத் தாதியர் பணிமுறையை ஏற்பர். நோன்புப் பெருநாளன்று இந்து, சீனத் தோழியர் ஏற்பர். கிறிஸ்மஸ் வரும்போது மலாய்த் தோழியரும் இந்துத் தோழியரும் அக்கடனைத் திருப்புவர். எச்சுற்றறிக்கையும் இதனைக் கற்பிக்கவில்லை. பணியிடத்தில் அருகருகே நின்றோர் தாமாகக் கண்டறிந்த அறம் இது.

இவ்வறம் பேருருக் கொண்ட நாளும் உண்டு. 2021 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையால் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வீடுகளின் கீழ்த்தளம் முழுதும் நீர் நின்றது. கிறிஸ்மசுக்கு ஒரு வாரமே இருந்தது. புத்தாடையும் பலகாரமும் நினைவில் இருந்த வேளையில் தேவாலயங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் குருத்துவாராக்களும் உணவுப் பொட்டலம் கட்டுவதில் ஈடுபட்டன. பலர் வீட்டில் அவ்வாண்டுத் திருநாள் சேறு வாரும் நாளாகக் கழிந்தது. ஓய்வுநாளில் பிறர் துயர் துடைத்தல் தகுமோ என்ற பழைய வினாவுக்கு அச்சேற்றில் நின்றோர் விடை அளித்தனர்.

எனினும் ஒன்றை வற்புறுத்திக் கூறல் வேண்டும். பெருந்தன்மை வேறு, உரிமை வேறு. ஒருவர் விடுமுறையை மற்றவர் சுமக்கின்றனர் எனப் புகழ்ந்துவிட்டு, விடுமுறையே வேண்டா எனல் முறையன்று. பெரிய வெள்ளியை நாடு முழுவதற்கும் விடுமுறையாக்குமாறு கிறித்தவ அமைப்புகள் பன்முறை வேண்டியுள்ளன. அவ்வேண்டுகோள் நியாயமானது. அது நிறைவேறும்வரை தோழர்தம் கைமாற்றே ஆறுதல். நிறைவேறிய பின்னரும் அன்று வண்டி ஓட்டுவோரும் நோயாளியைக் காப்போரும் இருப்பர். அவர்களை நினைத்தல் எக்காலத்துக்கும் உரிய கடன்.

ஆசிரிய நண்பர்களே! ஆண்டுதோறும் பள்ளி திறந்ததும் 'நான் கழித்த விடுமுறை' என்று மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்கின்றோம். சென்ற ஊரையும் தின்ற பண்டத்தையும் அவர்கள் எழுதித் தருகின்றனர். இவ்வாண்டு வேறொரு தலைப்பைக் கொடுத்துப் பார்ப்போமாக: 'என் விடுமுறை நாளில் வேலை செய்தவர் யார்?' தாயைப் பற்றி எழுதுவோர் இருப்பர். பேருந்து ஓட்டிய தந்தையைப் பற்றி எழுதுவோர் இருப்பர். தீபாவளி இரவில் தன் பாட்டிக்கு மருந்து கொடுத்த கிறித்தவத் தாதியைப் பற்றி எழுதும் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடும். எந்நூலகத்திலும் கிட்டாத வரலாறு அத்தாள்களில் நமக்குக் கிட்டும்.