முடிந்த தீர்ப்பும் முடியாத வழக்கும்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை ஆனைகட்டியில் மாநில எல்லையைத் தொடுகிறது. சோதனைச்சாவடிக்கு அப்பால் அட்டப்பாடி. அங்கே கேரள மண்ணில் தேங்கும் சிறுவாணி நீரைக் கோவை குடிக்கிறது. அங்கே ஓடும் பவானி மீண்டும் தமிழ்நாட்டுக்குள் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. தெற்கே, இடுக்கி மலைகளில் தேங்கும் பெரியாற்று நீர் குடைவழியே தேனி மாவட்ட வயல்களுக்கு வருகிறது. அணை ஓர் ஆட்சியின் எல்லைக்குள்ளும் வயல் மற்றோர் ஆட்சியின் எல்லைக்குள்ளும் அமைந்துவிட்டால் பூசல் எழுவது இயல்பே. காவிரியிலும் பெரியாற்றிலும் எழுந்த இரு பெரும் பூசல்கள் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நடுவரிடம் சென்றன. நடுவர் தீர்ப்பளித்து முடித்தபின், தோற்ற தரப்பு அதை எதிர்த்து உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியுமா என்னும் வினாவுக்கு அவ்விரு வரலாறுகளும் விடை தருகின்றன.

முதலில் சட்டத்தின் நிலை. நீதிமன்றத்தின் தலையீடின்றி வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பைச் செல்லாதென அறிவிக்கக் கோரித் தனி வழக்குத் தொடுக்க ஒரு காலத்தில் இடமிருந்தது. 1940ஆம் ஆண்டின் நடுவர் சட்டம் அவ்வழியை அடைத்தது. நடுவர் தீர்ப்பின் இருப்பையோ செல்லுபடியையோ எக்காரணம் கொண்டும் வழக்கின் வழியாகக் கேள்விக்குள்ளாக்க இயலாது என்றது அதன் 32ஆம் பிரிவு. அச்சட்டம் குறித்த வழியில், அது ஏற்கும் காரணங்களுக்காக மட்டுமே தீர்ப்பை நீக்கலாம். இன்று நடைமுறையிலுள்ள 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதே நெறியில் நிற்கிறது. 34ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். அதற்குக் காலக்கெடு மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அந்தக் கெடு கடந்தால் 36ஆம் பிரிவின்படி அத்தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றப்படும். நடுவர் சான்றைத் தவறாக எடைபோட்டார் என்பது மட்டும் அதை நீக்கப் போதிய காரணமாகாது.

இனி வரலாறு. 1892ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம், கருத்து வேறுபாடு எழுந்தால் நடுவரிடம் செல்ல வழி செய்திருந்தது. கண்ணம்பாடி அணையின் அளவு பற்றிப் பூசல் எழுந்தபோது அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவரானார். 1914இல் அவர் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக அமைந்தது. 1916இல் இந்திய அரசு அதை உறுதி செய்தது. சென்னை அரசு உரிமையியல் நீதிமன்றத்தை நாடவில்லை. ஒரு சமஸ்தானத்தையும் ஒரு மாகாணத்தையும் ஒருசேர விசாரிக்கும் பொது நீதிமன்றம் அன்று இல்லை. அது இலண்டனிலிருந்த இந்திய அமைச்சரிடம் முறையிட்டது. 1919இல் அவர் அத்தீர்ப்பை ஏற்க மறுத்தார். அதன்பின் நடந்த பேச்சுவார்த்தையின் விளைவே 1924ஆம் ஆண்டுக் காவிரி ஒப்பந்தம். முடிந்த நடுவர் தீர்ப்பைக் கலைத்தது நீதிமன்றமன்று, பேரரசின் மேலாதிக்கம். தோற்ற தரப்புக்கு மேலே கைகொடுக்க ஓர் அதிகாரம் இருந்ததால் இது நடந்தது.

பெரியாற்றில் அந்த வாய்ப்பு பயன்படவில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்திய அமைச்சருக்கும் இடையே ஏற்பட்ட குத்தகை ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கானது. 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். பூசல் எழுந்தால் தரப்புக்கு ஒருவராக இரு நடுவர். அவர்கள் உடன்படாவிட்டால் மேல்நடுவர். நடுவர் விசாரணை, 1882ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு இயைய அமைய வேண்டும் என்றும் அதே ஆவணம் கூறியது.

பாசனத்துக்கெனப் பெற்ற நீரில் மின்சாரமும் எடுக்கலாமா என்பதே 1930களில் எழுந்த பூசல். நடுவர்களாக அமர்ந்த டேவிட் தேவதாசும் வி. எஸ். சுப்பிரமணிய ஐயரும் உடன்படவில்லை. மேல்நடுவர் சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941 மே 12 அன்று தீர்ப்பளித்தார்: நீர் பாசனத்துக்கு மட்டுமே உரியது, மின்னுற்பத்திக்குச் சென்னைக்கு உரிமையில்லை. இதிலிருந்து மீண்டதும் வழக்கால் அன்று. 1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட துணை ஒப்பந்தங்களே மின்னுற்பத்தியை முறைப்படுத்தின. அதற்கு ஈடாக வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் ஏற்கப்பட்டது. நடுவரிடம் இழந்ததைத் தமிழ்நாடு விலை கொடுத்துப் பெற்றது.

இதன் மறுபக்கம் 2014இல் வெளிப்பட்டது. அணையின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடி என எல்லை வகுத்தது. தமிழ்நாடு அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவின்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் அசல் வழக்குத் தொடுத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தம் தமிழ்நாட்டின் மீது செல்லாதென அறிவித்தது. அதே தரப்பினரிடையே முடிந்த ஒன்றை மீண்டும் திறக்க இயலாது. நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் சட்டமியற்றி மீறவும் இயலாது. 1886 ஒப்பந்தம் இன்று பிணைக்காது என்னும் வாதமும் ஏற்கப்படவில்லை.

அங்கே காக்கப்பட்டது நீதிமன்றத் தீர்ப்பு. 1941இல் வந்தது நடுவர் தீர்ப்பு. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: தகுதியுடைய மன்றம் கேட்டு முடித்ததைத் தோற்றவர் வேறு வாயில் வழியாக மீண்டும் தொடங்கக் கூடாது. 1941இல் மின்சாரத்தை மறுத்து நம்மைக் கட்டிய அதே நெறிதான் 2014இல் தேனி, மதுரை உழவரின் நீரைக் காத்தது. அந்நெறியை வெல்லும்போது போற்றித் தோற்கும்போது தூற்றுவோர் இரு கரையிலும் உண்டு.

அரசுகளுக்கு மீண்டும் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் வலிமை இருந்தது. எல்லையோரத்துச் சிறு ஒப்பந்ததாரருக்கோ கூட்டு நிலம் வைத்திருப்பவருக்கோ அது அரிது. ஆகவே ஒப்பந்தத்தில் நடுவர் பற்றிய பத்தியைக் கையொப்பத்துக்கு முன்னரே படித்தல் வேண்டும். பாதகமான தீர்ப்பு வந்துவிட்டால், புதிய வழக்கு என்னும் நம்பிக்கையில் அந்த மூன்று மாதத்தை இழந்துவிடலாகாது.